கண்ணுக்குத் தெரியாத நிபந்தனைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் நாளிதழ்களின் முதல் பக்கத்தை நிறைக்கும் நாள்களில், '50 சதவீதம்' என்ற எண் உள்ளங்கை அளவில் நிற்க, அதை ஒட்டிய 'வரை' மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவில் அச்சாகிறது. 'வாருங்கள்' என்று தமிழில் அழைக்கும் விளம்பரம், நிபந்தனைகளை மட்டும் பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் சொல்கிறது. வியாபாரத்துக்குச் சொல்வன்மை வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. துணிக்கடைக்காரரிடம் யாரும் சத்தியப் பிரமாணம் கேட்பதுமில்லை. ஆனால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், சலுகை எந்த மொழியில், எந்த எழுத்துருவில் அறிவிக்கப்படுகிறதோ, அதே மொழியிலும் எழுத்துருவிலும்தான் அதற்கான நிபந்தனையும் இருக்க வேண்டும் என்கின்றன. மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இணையக் கடைகள் 'இன்னும் 2 மட்டுமே உள்ளன' என்று காட்டும் போலி அவசரத்துக்கும் 2023-இல் தடை வந்துவிட்டது. விளம்பரத்தைப் பெறும் நாளிதழ்களே அச்சுக்கு அனுப்பும் முன் இந்த எழுத்தளவைச் சரிபார்க்கலாமே! புகார் செய்ய விரும்பும் வாசகர்கள், விளம்பரப் பக்கத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம்.

– வாசகர், ஈரோடு