தங்கச்சிக்கு: அந்தப் போத்திலை அதில வச்சது நான்தான்

தங்கச்சி,

நாளைக்கு கார்த்திகை விளக்கீடு. நீ போனில "இந்தமுறை சின்னவனையும் கூட்டிக்கொண்டு வாறன் அண்ணா" எண்டு சொன்ன நாளில இருந்து எனக்கு சரியா நித்திரை இல்லை. பிள்ளை இப்ப நடக்கிறான், எட்டுற எல்லாத்தையும் இழுக்கிற வயசு. நீ அந்தக் குசினிக்குள்ள திரும்பக் கால் வைக்கப்போறாய். அதுக்கு முதல் இதை எழுதிப்போட வேணும். உனக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனா உனக்கு மட்டும் சொன்னாக் காணாது எண்டுதான் எல்லாரும் வாசிக்கிற இடத்தில எழுதுறன்.

2022 விளக்கீட்டு நேரம், அண்டைக்கு பின்னேரம் கரண்ட் இல்லை. மழை விட்டு விட்டுப் பெய்யுது, விறகெல்லாம் ஈரம், நீ ஊதி ஊதிப் பாக்கிறாய், கண்ணெல்லாம் சிவந்துபோச்சு. நான் விறாந்தையில இருந்து வாழைக்குத்தி சீவிக்கொண்டு இருந்தனான். "அண்ணா, மண்ணெண்ணெய் எங்க?" எண்டு கேட்டனீ. நான் தலையை நிமித்தாமலே "தட்டில" எண்டன். தட்டில ரெண்டு சோடாப் போத்தில், ரெண்டும் ஒரே அளவு, ரெண்டிலயும் லேபிள் இல்லை. ஒண்டில அம்மான்ர மண்ணெண்ணெய். மற்றதில முதல்நாள் ராத்திரி நான் பைக்கில இருந்து எடுத்த பெற்றோல். அதை நான் உனக்குச் சொல்லேல்லை. ஒரு சொல்லு சொல்லியிருந்தாக் காணும்.

பிறகு அந்தச் சத்தம். பெரிய சத்தம் இல்லை, பாய் உதறினமாதிரி ஒண்டு. நீ கத்தக்கூட இல்லை. உன்ர வலக்கையில பிளாஸ்டிக் காப்பு உருகி ஒட்டிக்கிடந்ததுதான் இப்பவும் எனக்கு முதல் ஞாபகத்துக்கு வரும்.

நான் ஏன் பெற்றோலை வீட்டுக்குள்ள வச்சனான் எண்டு கேட்டியளெண்டால், அந்த 2022ஐ அனுபவிச்ச ஆக்களுக்கு விளங்கும். எண்ணெய்த் தட்டுப்பாடு, கியூஆர் முறையில பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். பைக்கை வெளியில விட்டா ரியூப்பைக் கழட்டி உறிஞ்சிக்கொண்டு போயிடுவாங்கள். மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து ஒரே நாளில 340 ஆன வருசம் அது. சொட்டுச் சொட்டாச் சேத்து வச்ச காலம். யாருக்காகச் சேத்தனான் எண்டதை இதில எழுத மாட்டன், உனக்குத் தெரியும், அது காணும். ஆனா இந்தக் காரணம் ஒண்டும் அந்தப் போத்தில் அடுப்புக்கு மூண்டடி தள்ளி இருந்ததுக்குப் பதில் இல்லை.

இதை வாசிக்கிற ஊர்ச்சனத்துக்கு ஒண்டு. அது விபத்து. வேற ஒண்டும் இல்லை. எங்கட பக்கத்தில ஒரு பொம்பிளைப்பிள்ளை எரிகாயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன கதை கட்டுவினம் எண்டு எல்லாருக்கும் தெரியும். கட்டிச்சினம். கலியாணம் பேசி வந்த இடம் ஒண்டு அப்பிடியே பேசாமல் விட்டது. ஆரெண்டு எழுதேல்லை, இப்ப நீ சந்தோசமா இருக்கிறாய், அதுவே காணும்.

ஆனா எனக்கு உன்னில கோவமும் இருக்கு. பொலிஸ் வந்து கேக்கேக்க "நான்தான் மாறி எடுத்தனான், ஒருத்தரிலயும் பிழை இல்லை" எண்டு நீ ஏன் சொன்னனீ? நான் கேட்டனானோ? நான் கட்டில் காலடியில நிண்டனான், வாயைத் திறக்கேல்லை, நீ என்னைப் பாக்கவும் இல்லை. அண்டையில இருந்து நான் உனக்குக் கடன்காரன். அதைச் சொல்லிக் காட்டாமலே ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் எனக்குச் சேட்டு அனுப்புறாய். அது எனக்குத் தாங்கேலாது பிள்ளை.

வார்ட்டில விழிச்சிருந்த ராவுகளில போனில தேடித்தேடி வாசிச்சனான். மண்ணெண்ணெய் பத்துற அளவுக்கு ஆவி விட 38 பாகையாவது வேணும், பெற்றோலுக்கு மைனஸ் 40இலயே காணும். அந்த ஆவி காத்தை விடப் பாரம், நிலத்தோட ஊர்ந்து தணலைத் தேடிப் போகும், நாங்கள் ஊத்தத்தான் வேணும் எண்டில்லை. எரிஞ்ச இடத்தை உடன ஓடுற தண்ணியில 20 நிமிசம் பிடிக்க வேணுமாம். நாங்கள் பற்பசை பூசினனாங்கள். பக்கத்து வீட்டு மாமி பூசேக்க நான் ரியூப்பை அமத்திக் குடுத்தனான். போத்தில் விளக்கு சரிஞ்சு எரிஞ்சு வந்த சனத்துக்கு வைத்தியம் பாத்த சத்திரசிகிச்சை டொக்டர் விஜய கொடகும்புர, உருளாத, குள்ளமான விளக்கு ஒண்டு செய்து 1998இல ரோலெக்ஸ் விருது எடுத்தவர். ரெண்டு பக்கம் தட்டை, மூடி திருகுற மூடி. ஒரு டொக்டர் போத்திலின்ர வடிவத்தை இருந்து யோசிச்சிருக்கிறார், நான் ஒரு லேபிள் ஒட்டேல்லை.

இப்ப வீட்டில பெற்றோல் ஒரு சொட்டும் இல்லை. மண்ணெண்ணெய் திருகு மூடி போட்ட தகரக் கானில, பெரிய எழுத்தில பேர் எழுதி, கிணத்தடிப் பக்கம் நான் அடிச்ச பெட்டிக்குள்ள பூட்டிக் கிடக்குது. இனிச் சோடாப் போத்தில் ஒண்டிலயும் ஊத்திறேல்லை, சின்னப்பிள்ளையள் குடிச்சுப்போடுங்கள். நெருப்புப்பெட்டியும் லைற்றரும் பிஸ்கட் ரின்னுக்குள்ள, சின்னவனுக்கு எட்டாத உயரத்தில, எண்ணெய்க்குக் கிட்டவும் இல்லை. அடுப்பு மூட்ட பன்னாடையும் கொக்காரையும் மாரிக்கு முதலே வெட்டிக் காயவச்சு, குசினிக்கு வெளிய தாவாரத்தில அடுக்கியிருக்கிறன். மெழுகுதிரிக் கட்டையளைச் சுடுதண்ணிச் சட்டிக்குள்ள ரின்னை வச்சு உருக்கி, தேங்காய்த் தும்பைத் தோய்ச்சு உருண்டை பிடிச்சு வச்சிருக்கிறன், ஈர விறகெண்டாலும் ஒரு உருண்டை காணும். தணலில எண்ணெய் ஊத்திற பழக்கம் இந்த வீட்டில இனி இல்லை. அம்மாவுக்கு இது பிடிக்கேல்லை, "உப்புத்தண்ணியில விளக்கெரியிற அம்மாளின்ர ஊர், எங்களுக்கு நெருப்பால ஒண்டும் வராது" எண்டு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பக்கம் பாத்துக் கும்பிடுறா. வந்ததைக் கண்டும் அப்பிடித்தான் சொல்லுறா.

அந்த வருசம் கேற்றடியில நட வெட்டின வாழைக்குத்தி அப்பிடியே கிடந்து அழுகினது, அள்ளி எறிய ஆருக்கும் மனம் வரேல்லை. நாளைக்கு புதுசா ரெண்டு வெட்டுவன்.

போன கிழமை அம்மாட்ட உண்மையைச் சொல்லிப்போட்டன். அவ நம்பேல்லை. "தங்கச்சியைக் காப்பாத்தத்தான் இப்பிடிச் சொல்லுறாய்" எண்டு என்ர தலையைத் தடவினவ. நீ வந்து, பொலிசிட்டச் சொன்ன பொய்யை நீயே மாத்திச் சொல்லு. நான் சொன்னா எடுபடாது.

அண்ணா