குரல் பயிற்சி ஏன் சலிக்கிறது, இனி எப்படிச் செய்யப் போகிறோம்

அன்புள்ள மாணவர்களுக்கும் வீட்டாருக்கும்,

வணக்கம். களியக்காவிளை, பாறசாலை இரண்டு பக்கமிருந்தும் ஜெர்மன் படிக்க வரும் நர்சிங் பிள்ளைகளில் பலர், முதல் வாரம் ஏஐ ஆப்போடு ஜெர்மனில் ஆசையாகப் பேசிப் பழகுகிறார்கள். மூன்றாம் வாரம் அதைத் திறப்பதே இல்லை. வீட்டில் இதைச் சோம்பல் என்று திட்ட வேண்டாம். வேலை கைக்கு மீறியிருந்தாலும் சலிக்கும், மிக எளிதாக இருந்தாலும் சலிக்கும், செய்து பயனில்லை என்று தோன்றினாலும் சலிக்கும். ரைன்ஹார்ட் பெக்ருன் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

ஏஐ பயிற்சியில் இந்த மூன்றுமே நடக்கின்றன. ஏ2 (அடிப்படை நிலை) மாணவி ஒரு வரி பேசினால் அது பி2 (இரண்டு படி மேலான நிலை) நடையில் எட்டு வரி கொட்டுகிறது. எதைச் சொன்னாலும் 'அருமை' என்கிறது. உச்சரிப்பு பிசகினாலும், முன்பின் சொற்களை வைத்து ஊகித்துச் சரியான சொல்லையே திரையில் காட்டிவிடுகிறது. அந்தப் பாராட்டில் சாரமில்லை என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே வரும் திங்கள் முதல் தினம் 40 நிமிடப் பயிற்சி 12 நிமிடமாகிறது. தொடங்கும்போது ஆப்பிடம் தமிழிலோ மலையாளத்திலோ இப்படிச் சொல்லுங்கள்: "ஏ2 அளவில் பேசு. ஒரு தடவைக்கு ஒரே கேள்வி, 12 சொல்லுக்குள். பாராட்டாதே, நடுவில் திருத்தாதே. கடைசியில் மூன்று பிழை மட்டும் சொல். விடை தராதே, குறிப்புக் கொடு." ஐந்தாறு நிமிடத்தில் அது பழையபடி நீட்டி முழக்கத் தொடங்கும். அப்போது இதையே திரும்பச் சொல்லுங்கள்.

முதல் 4 நிமிடம் எண்கள். நாம் நூற்று முப்பத்தேழு என்போம். ஜெர்மனில் 'ஹுண்டர்ட் ஸீபன் உண்ட் டிரைஸிஹ்', அதாவது நூறு, ஏழு, முப்பது. கேட்ட வரிசையில் எழுதினால் 137 என்ற ரத்த அழுத்தம் 173 ஆகிவிடும். வார்டில் இது சின்னத் தப்பு இல்லை. திரையில் இலக்கம் தெரிந்தால் காது வேலை செய்யாது. போனைக் குப்புற வைத்து, ஆப் ஜெர்மனில் சொல்லும் பத்து அளவுகளைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள், பிறகு திருப்பிச் சரிபாருங்கள். முழு எண்ணும் காதில் விழும்வரை பேனா தாளைத் தொடக் கூடாது.

மீதி 8 நிமிடம் உரையாடல். காது மந்தமான தாத்தா, மருந்து வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பாட்டி என்று ஆப்புக்கான வேடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். 'வைல்' (ஏனென்றால்) போட்டால் வினை கடைசியில் வரும். தமிழ், மலையாளம் பேசுகிற நமக்கு அது புதிதல்ல, அதனால் தைரியமாக நீள வாக்கியம் பேசிப் பாருங்கள்.

அந்த மூன்று பிழைகளை நோட்டில் எழுதி, மறுநாள் வகுப்பில் உங்கள் ஜோடியிடம் திருத்திச் சொல்ல வேண்டும். ஒரு ஆள் கேட்கக் காத்திருக்கிறார் என்றால் பயிற்சி தானாக நடக்கும். கோத்தே நிறுவனம் நடத்தும் பி1 (ஏ2-க்கு அடுத்த நிலை) பேச்சுத் தேர்வும் பெரும்பாலும் ஜோடியாகத்தான். அதில் 100-க்கு 60 எடுக்க, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லும் பழக்கம் வேண்டும். ஆப் மட்டும் அதைத் தராது.

நைட் டியூட்டி முடிந்து வருபவர்கள் தூங்கி எழுந்த பிறகு செய்தால் போதும். டியூட்டி ஒத்துவரும் ஜோடி வேண்டுமென்றால் ஞாயிறுக்குள் ஆபீசில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜெர்மன் வகுப்பு ஆசிரியர்கள்