பயணக் குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர், பொருளாளர் அவர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய ஊர்களைக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் சென்று பார்ப்பதற்காக நாம் நடத்திவரும் இந்தக் குழுவின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. அவற்றில் இரண்டு கூட்டங்கள் போதிய உறுப்பினர் வராததால் நடைபெறவில்லை. பொங்கல் ஒன்றுகூடல் வழக்கம்போல் நடந்தது. தாராசுரத்துக்கும் சுவாமிமலைக்கும் அரை நாள் வீதம் சென்றுவந்தோம். மழையால் ஒரு பயணம் கைவிடப்பட்டது.

இந்த ஆண்டில் நாம் கொண்டுவந்த பெரிய மாற்றம், இயன்றவரை ஒரு நாளுக்கு ஒரே ஊர் என்பது. இதை முன்மொழிந்தவன் நான். ஆகவே இதைப் பற்றி எழுந்த குறைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவனும் நானே. முன்பு நாம் விடியுமுன் கிளம்பி ஏழு கோயில், இரண்டு கோட்டை என்று ஓடினோம். வீடு திரும்பியதும் எந்தக் கோபுரத்தை எந்த ஊரில் பார்த்தோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் பாதி இடங்களில் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. அந்தப் பெரியவர்களுக்காகவே இந்த மாற்றத்தைக் கேட்டேன்.

தரங்கம்பாடிப் பயணம் பற்றித்தான் அதிகக் குறை சொல்லப்பட்டது. ஒரு கோட்டையையும் நான்கு தெருக்களையும் பார்க்க ஒரு முழு நாள் எதற்கு என்று கேட்டார்கள். நகர வாயிலிலிருந்து கோட்டைக்கு நடக்கக் கால் மணி நேரம் போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கால் மணி நேரத் தூரத்துக்குள் என்னவெல்லாம் இருக்கின்றன! 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க் நாட்டவரான டேனியர் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை இருக்கிறது. 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது; அது 1718-இல் கட்டி முடிந்த மறு ஆண்டே அவர் இறந்து அங்கேயே அடக்கமானார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதும் இந்த ஊரில்தான். கடலோரத்தில், அலை அரித்தது போக எஞ்சிய மாசிலாமணிநாதர் கோயில், குலசேகர பாண்டியன் காலத்தது. 1845-இல் டேனியர் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். ஓர் ஊரையே விற்க முடியுமா என்று எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்குக் கோட்டை மதிலோரம் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினோம். மிளகு வணிகத்துக்காக வந்தவர்கள், வணிகம் நொடித்ததும் விற்றுவிட்டுப் போனார்கள் என்று அவளுடைய தாத்தா விளக்கினார். 2004 சுனாமியில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று மீனவப் பெரியவர் ஒருவர் எங்களை அழைத்துச் சென்று காட்டினார். ஒரே நாளில் ஐந்து ஊர் பார்க்கும் அவசரத்தில் அவரிடம் நின்று பேசியிருப்போமா?

செட்டிநாட்டுப் பயணத்தில் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் நேரம் ஒதுக்கியதையும் வீண் என்றார்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறையில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சாந்தைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு நிரப்புகிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். தரையில் தெரியும் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. கானாடுகாத்தான் வீடுகளின் தரையை அதன்பின் பார்த்தபோது பிள்ளைகள் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடையில் நடந்ததை இங்கே பதிவுசெய்ய வேண்டும். ஒரு மூலையில் தானியம் அளக்கும் பழைய அளவைகள் அடுக்கியிருந்தன. நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ஆழாக்கு இரண்டு ஓர் உழக்கு, உழக்கு இரண்டு ஓர் உரி, உரி இரண்டு ஒரு நாழி, நாழி எட்டு ஒரு குறுணி என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைக்காரரும் கல்லாவை விட்டு எழுந்துவந்து கேட்டார். எந்தக் கோயிலுக்குப் போனாலும் பஸ்ஸிலேயே இருந்துவிடுகிற அம்மா அவர்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். கொட்டான் என்னும் பனையோலைக் கூடை முடையும் பெண்ணிடம் நம்மவர் சிலர் பாதி விலைக்குக் கேட்டார்கள். ஒரு கொட்டானுக்கு அவர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார் என்று அருகில் நின்று பார்த்தவர்களே அப்படிக் கேட்டது எனக்குத் தலைகுனிவாக இருந்தது.

இந்தப் பயணங்களில் கேட்டவற்றை எழுதிவைக்க ஓர் ஏடு தொடங்கினேன். திரும்பி வந்த வாரமே பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு ஏடுகள் நிரம்பியிருக்கின்றன. எழுதித் தந்த குடும்பங்கள் பதினொன்று. மற்றவர்களிடம் நான் மூன்று முறை நினைவூட்டினேன்.

தரங்கம்பாடிக்குப் பெயர் கொடுத்தவர்கள் 48 பேர். விடிகாலையில் வந்து ஏறியவர்கள் 31 பேர். வராதவர்களில் நால்வர் மட்டுமே முன்கூட்டித் தெரிவித்தார்கள். காலி இருக்கைகளுக்கும் சேர்த்துத்தான் பஸ் வாடகை கொடுத்தோம். அந்தப் பள்ளத்தை வந்தவர்களின் பணம்தான் நிரப்பியது. சந்தா நிலையும் இதுவே. இரண்டாண்டுப் பாக்கி வைத்திருப்போரின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே படிக்கப்போவதில்லை. அவர்களில் பலர் வசதியற்றவர்கள் அல்லர், மறந்தவர்கள் என்றே நம்புகிறேன்.

வரவு செலவை பொருளாளர் விரிவாக வைப்பார். வரவு செலவுக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு.

கூடத்தை இலவசமாகத் தந்த அன்பருக்கும், பொறுமையாக வண்டி ஓட்டிய ஓட்டுநர்களுக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கும், சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்கவும் செல்லலாம் என்று செயற்குழு கருதுகிறது. பஸ்ஸுக்கு முன்பணம் கட்டும் அளவுக்குச் சந்தா சேர்ந்தால்தான் நாள் குறிக்க முடியும். இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். எவரும் வராவிட்டால் இன்னோர் ஆண்டு தொடர்கிறேன். ஏடுகளைத் தட்டச்சு செய்து சிறு புத்தகமாக்க இரண்டு பேர் தேவை. ஏடுகள் என் வீட்டில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்குமேல் நான் வீட்டில் இருப்பேன். அந்த அளவைகளைப் பற்றிச் சொன்ன அம்மா, தமக்கு நினைவிருக்கும்போதே மீதியையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்