ஜாயிண்ட் போயிடுச்சு, அசைவு போகல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பதினாலு வருஷம் இங்க சிங்கப்பூர்ல ரோடு, பாலம் மெயின்டனன்ஸ் வேலை பாத்தவன் நான், முக்காவாசி ராத்திரி ஷிப்ட். லாரி பின்னால உக்காந்து போன எங்களுக்கு எந்தப் பாலத்துல எந்த ஜாயிண்ட் தூக்கிட்டு நிக்குதுன்னு முதுகே சொல்லிடும். ஜாயிண்ட்னா, சூட்டுல பாலம் நீண்டு சுருங்க அதோட முனையில விடற இடைவெளி, ரப்பர் வச்சு மூடியிருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு லேனை மூடி, பழைய ரப்பரை வெட்டி எடுத்து, காங்கிரீட்ட ஒடச்சு, புதுசு போட்டு, விடியறதுக்குள்ள கோன் எல்லாம் அள்ளிட்டுக் கிளம்பணும், இதுல மழை வேற. இவ்ளோ பாடும் எதுக்குன்னா, ஜாயிண்ட் ஒழுக ஆரம்பிச்சா தண்ணி நேரா கீழ எறங்கி பாலம் உக்காந்திருக்கற பேரிங்கையும் பீம் முனையையும் அரிச்சுடும், அதான்.

அதனாலதான் ஜாயிண்ட்டே இல்லாம, பாலத்தையும் ரெண்டு முனையிலயும் அதைத் தாங்கற சுவரையும் ஒண்ணா சேத்துக் கட்டற முறை வந்துச்சு. பிரிட்டன்ல 60 மீட்டருக்குள்ள இருக்கற, கீழ இருக்கறதை ரொம்ப கோணலா கடக்காத பாலங்களை இப்படியே கட்டணும்னு 1990கள்லயே சொல்லிட்டாங்க. நம்ம ஊர்லயும் மேற்குப் பக்கம் பயனியர் பாலம், வெறும் 18 மீட்டர்தான், 1970 வாக்குல கட்டினது, கனமான வண்டிங்க தாங்கணும்னு பின்னாடி இப்படி மாத்தினாங்க. மாத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் என்டியு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) ஆளுங்க அதோட அதிர்வ அளந்து பாத்தாங்க. நல்ல வேலை அது.

ஆனா காப்பிக்கடையில பேசறப்ப நிறைய பேர் நெனைக்கறாங்க, ஜாயிண்ட் இல்லன்னா பிரச்சனையும் இல்லன்னு. அப்படி இல்லைங்க. காங்கிரீட் 10 மீட்டருக்கு ஒரு டிகிரி சூடு ஏறினா சுமார் 0.1 மில்லிமீட்டர் நீளும். 60 மீட்டர் பாலம் 10 டிகிரி சூடானா 6 மில்லிமீட்டர், ரெண்டு முனைலயும் மூணு மூணு. மூணு மில்லிமீட்டர் என்ன பெருசான்னு கேக்கலாம். பகல்ல சுவர் தனக்குப் பின்னால இருக்கற மண்ணைத் தள்ளுது, ராத்திரி பின்வாங்குது, அந்த இடுக்குல மண்ணு சரிஞ்சு விழுந்து ரொப்பிடுது, மறுநாள் சுவர் திரும்ப வந்தா இடம் இல்ல. படியில அரிசியைப் போட்டுக் குலுக்கக் குலுக்க இறுகுமே, அதே கதை. வருஷக்கணக்குல சுவர் மேல மண்ணோட அழுத்தம் ஏறிட்டே போகும், மேல ரோட்டுல, பாலத்தோட முனையை ஒட்டி பள்ளம் விழும்.

இதுல நம்ம ஊருக்கு ஒரு வித்தியாசம் இருக்கு. குளிர் நாட்டுல பெரிய அசைவு கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நடுவுல, வருஷத்துக்கு ஒரு தடவை. நமக்குக் குளிர்காலமே கிடையாது, தினமும் வெயிலு, திடீர்னு ஒரு மழை, அவ்ளோதான். அசைவு சின்னது, ஆனா ஓயாம நடக்குது. அவங்க கணக்கை அப்படியே எடுத்துப் போடாம இங்க அளந்து பாத்து டிசைன் பண்ணணும்ங்கறதுதான் நான் சொல்ல வர்றது.

சென்சாரை பாலத்து மேல மட்டும் ஒட்டினா பத்தாது, சுவருக்குப் பின்னால மண்ணுக்குள்ள அழுத்தம் அளக்கற கருவி கட்டறப்பவே வைக்கணும், கட்டி முடிச்ச பிறகு யாரு தோண்டி வைப்பா? சுவரோட சாய்வையும் பாலத்தோட சூட்டையும் சேத்து அளக்கணும், அஞ்சாறு வருஷமாவது. முதல் சில வருஷம் காங்கிரீட் தானாவே சுருங்கும், அந்த சுருக்கம் திரும்ப வராது, அதையும் வெயில் அசைவையும் குழப்பிக்கக் கூடாது. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவுல அமுங்கற மாதிரி ஒரு லேயர் வச்சா அழுத்தம் கொறையும்னு சொல்றாங்க, எந்த அளவுக்கு வேணும்னு இந்த அளவுகளை வச்சுத்தான் சொல்ல முடியும்.

எங்க வீட்டுக்குப் பக்கத்துல கால்வாய் மேல இப்படி ஒரு சின்னப் பாலம் இருக்கு. பாலம் கண்ணாடி மாதிரி இருக்கு, அதோட முனையில மட்டும் தார் மேல தார் மூணு ஒட்டு போட்டாச்சு. பஸ் அதுல ஏறறப்ப தெனமும் ஒரு குலுக்கல். நாலாவது ஒட்டு போட வர்றவங்க அதுக்கு முன்னாடி உயரம் அளக்கற லெவல் கருவி ஒண்ணு வச்சு எவ்ளோ எறங்கியிருக்குன்னு குறிச்சு வச்சாலே எனக்குப் போதும்.

இப்படிக்கு,
ஜூரோங் வெஸ்ட் வாசகர்