மாயாறு தெற்கே ஓடியது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து நேற்றுதான் வீட்டுக்கு அழைத்து வந்தோம், அதனால்தான் உடனே எழுத முடியவில்லை. நன்றாக இருக்கிறார். கட்டைப் பிரித்ததும் சுவரில் இருந்த காலண்டரில் நல்ல நேரத்தைப் படித்துக் காட்டினார். உன்னையும் கேட்டார், "அந்தப் பையன் இன்னும் மலை மலையாத்தான் சுத்திக்கிட்டு இருக்கானா?" என்று.

சரி, லேண்ட்லேப் விஷயத்துக்கு வருகிறேன். நிலம், ஆறு இவற்றைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் அந்தப் பைத்தான் தொகுப்பை நிறுவ முடியவில்லை என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய பிழைச்செய்தி முழுவதையும் படித்தேன். சிவப்பில் அறுபது வரி ஓடினாலும் கடைசி நாலு வரியில்தான் விஷயம் இருக்கிறது: மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் சி பிளஸ் பிளஸ் கம்பைலர் கிடைக்கவில்லை என்கிறது. உன் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. நீ போட்டிருப்பது புத்தம் புதிய பைத்தான், அதற்கென்று முன்கூட்டியே கட்டிய கோப்பு இன்னும் வெளிவராதபோது பைத்தானின் நிறுவியான பிப் மூலநிரலை இறக்கி உன் கணினியிலேயே கட்டப் பார்க்கும், அங்கே கம்பைலர் இல்லையென்றால் இப்படித்தான் நின்றுவிடும். கம்பைலரைத் தேடி நிறுவப் போகாதே. கோண்டா என்ற இன்னொரு நிறுவியோடு வரும் மினிஃபோர்ஜைப் போட்டுக்கொண்டு, இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு சூழல் உருவாக்கி, அதில் ஒன்றிரண்டு பதிப்பு பழைய பைத்தானை வை. லேண்ட்லேப், உயரத் தரவுக் கோப்பைப் படிக்கும் ராஸ்டீரியோ, நிரலை எழுதி ஓட்டும் ஜூப்பிட்டர் நோட்புக் மூன்றையும் ஒரே கட்டளையில் கோண்டா-ஃபோர்ஜ் என்ற தொகுப்புக் களஞ்சியத்திலிருந்து கேள். ஒரே கட்டளையில் என்பது முக்கியம். ராஸ்டீரியோவுக்கு அடியில் ஜிடால் என்ற பெரிய நூலகம் இருக்கிறது, பாதியைக் கோண்டாவிலும் பாதியைப் பிப்பிலும் எடுத்தால் ஜிடால் இரண்டு பதிப்பாக உள்ளே வந்து ஒன்றோடொன்று மோதும். எனக்கு அப்படி ஒரு வாரம் போயிற்று.

அப்புறம், எல்லாம் சரியாக நிறுவிய பிறகும் ஜூப்பிட்டரில் "அப்படி ஒரு தொகுப்பே இல்லை" என்று வந்தால் பயப்படாதே. நோட்புக் வேறு சூழலின் பைத்தானில் ஓடிக்கொண்டிருக்கும். மேலே கெர்னல் பெயரை, அதாவது எந்தப் பைத்தான் ஓடுகிறது என்பதைப் பார்த்து மாற்று, போதும்.

நிறுவுவது அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு எனக்கு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

இரண்டாம் வருடக் களப்பயணம் நினைவிருக்கிறதா? தெப்பக்காட்டில் மாயாற்றங்கரையில் உட்கார்ந்து, 1:50,000 டோபோஷீட்டை, அந்த நிலஅளவை வரைபடத்தை விரித்து, ஆற்றின் வளைவுகள் மேல் நூலை வைத்து நீளம் அளந்தோமே. 20 மீட்டர் சமஉயரக் கோடு ஒவ்வொன்றையும் ஆறு வெட்டும் இடத்தில் நீ பென்சிலால் புள்ளி வைத்தாய், நான் கிராஃப் தாளில் ஏற்றினேன். ஆற்றின் உயரம் போகப்போக எப்படிக் குறைகிறது என்று காட்டும் அந்த நெடுக்குவெட்டு ஒன்றுக்கே இரண்டு நாள் ஆயிற்று. அதே ஆற்றைத்தான் லேண்ட்லேப்பில் முதலில் போட்டுப் பார்த்தேன். உயரத் தரவு எஸ்ஆர்டிஎம், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினோரு நாள் சுற்றி ரேடாரில் அளந்தது, 30 மீட்டருக்கு ஒரு உயரப் புள்ளி.

ஓட்டினேன். சரிவு, நீர்ப்பிடிப்புப் பரப்பு, ஆற்றின் நெடுக்குவெட்டு, எல்லாம் நம்பும்படியாகவே வந்தன. வரைபடத்தைப் பார்த்ததும்தான் மனதில் ஏதோ இடித்தது. முக்கூர்த்திப் பக்கம் பிறந்து வடக்கே ஓடி, மலை விளிம்பில் பைக்காரா அருவியாக விழுந்து, கீழே மாயாறாகிக் கிழக்கே திரும்ப வேண்டிய ஆறு, படத்தில் தெற்கே ஓடியது. காரணம் சின்னதுதான். ராஸ்டீரியோ மேல் வரிசையிலிருந்து, அதாவது வடக்கிலிருந்து படிக்கிறது. லேண்ட்லேப் தன் புள்ளிகளைக் கீழ் இடது மூலையிலிருந்து, தென்மேற்கிலிருந்து எண்ணுகிறது. உயர எண்களின் அணியை மேல்கீழாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பைத்தானின் கணித நூலகமான நம்பையில் (NumPy) அதற்கு ஒரே சொல் போதும். நான் திருப்பவில்லை.

என்னை உலுக்கியது என்ன தெரியுமா? கண்ணாடியில் கவிழ்த்த மாதிரி நிலம் திரும்பினாலும் சரிவு மாறாது, பரப்பு மாறாது, நீளம் மாறாது. எண்களை மட்டும் பார்த்திருந்தால் கடைசிவரை தெரிந்திருக்காது. அந்தக் கரையில் உட்கார்ந்தவன் என்பதால்தான் பிடிபட்டது. உன் மாணவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு அமெரிக்க ஆற்றைப் பயிற்சிக்குக் கொடுக்காதே. அவர்கள் இறங்கிக் குளித்த ஆற்றைக் கொடு.

இன்னும் சில. தரவு பாகை அளவில் வரும், அதை மீட்டருக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும், மீட்டரில் இடம் குறிக்கும் யூடிஎம் முறையில் நீலகிரிக்கு 43 வடக்கு மண்டலம். இல்லாவிட்டால் சரிவெல்லாம் செங்குத்தாக வரும். தரவில் பொய்க்குழிகள் நிறைய இருக்கும், ஆறு அங்கங்கே அவற்றில் விழுந்து முடிந்துபோகும், அதனால் ஓட்டத்தைக் கணக்கிடும்போதே பள்ளம் கண்டுபிடிக்கும் கூறையும் சேர்த்துவிடு. அது மெதுவாகத்தான் ஓடும். 40 கிலோமீட்டருக்கு 40 கிலோமீட்டர் எடுத்தாலே 30 மீட்டரில் 17 லட்சம் புள்ளிக்கு மேல் வருகிறது. கல்லூரி லேப் கணினிகளுக்கு முதலில் 90 மீட்டராகக் குறைத்துக் கொடு, இரண்டு லட்சத்துக்குள் அடங்கிவிடும்.

'கை' (χ) என்ற கிரேக்க எழுத்தில் ஒரு அளவு இருக்கிறதே, அதையும் கட்டாயம் போட்டுக் காட்டு. கழிமுகத்துப் பக்கமிருந்து மேல்நோக்கி, நீர்ப்பிடிப்புப் பரப்பைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போகும் தொகையீடு அது. உயரத்தை அந்த அளவுக்கு எதிராக வரைந்தால், ஒரே மாதிரிப் பாறையில் சீரான நிலையில் இருக்கும் ஆறு நேர்கோடாக நிற்கும். பைக்காரா அப்படி நிற்காது. மேட்டுநிலத்தில் சாய்வாகப் படுத்திருக்கும் கோடு விளிம்புக்கு வந்ததும் சட்டென்று முறிகிறது. நாம் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்த அதே முறிவு. திரையில் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடு. மேலே அணைகள் இருக்கின்றன, நீர்த்தேக்கம் படத்தில் தட்டையாகத் தெரியும், அது ஆறு செய்த படி இல்லை. 1932-லிருந்து பைக்காரா தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். பரப்பை வைத்துக் கணக்குப் போடும் நிரலுக்கு அந்தக் குழாய் தெரியாது.

என் பழைய பெட்டியில் தேடினேன், அந்தக் கிராஃப் தாள் என்னிடம் இல்லை. உன்னிடம் இருக்கிறதா பார். இருந்தால் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு, கணினி வரைந்த கோட்டின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நிறுவும்போது எங்காவது மாட்டிக்கொண்டால் ஞாயிறு காலை கூப்பிடு, அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டு ஒன்பது மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன்.

உன் ஹாஸ்டல் அறைத் தோழன்