தண்ணீர்க் கஞ்சியில் எடை ஏறாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் செப்டம்பரில் ஊட்டச்சத்து மாதம் வந்தால் அங்கன்வாடிகளில் கோலம் போட்டு உணவுக் கண்காட்சி வைக்கிறார்கள். நாளிதழ்களும் குழந்தைக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று பட்டியல் தருகின்றன. கேழ்வரகு, பாசிப்பருப்பு, முட்டை, கீரை, நெய் எல்லாம் அதில் இருக்கும். எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்பது மட்டும் இருக்காது. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு அதுதான் முதலில் சொல்ல வேண்டிய விஷயம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். நாட்டின் சராசரியைவிட நம் நிலை மேல்தான். ஆனாலும் நாலில் ஒரு குழந்தை என்பது சின்ன எண் இல்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீடுகளிலும் இந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள். தாய்சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பல குழந்தைகளுக்கு ஆறு மாதம் வரை நன்றாக ஏறிய கோடு, கஞ்சி ஆரம்பித்த பிறகு படுத்துவிடும். பால் போதவில்லை, பல் முளைக்கிறது, ‘எங்க குடும்பமே ஒல்லிதான்’ என்று காரணம் சொல்வார்கள். டம்ளரில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். தாய்ப்பால் குடிக்கும் 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு, பாலுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து கிடைக்க வேண்டும். 9 முதல் 11 மாதத்தில் 300. ஒரு வயதுக்கு மேல் 550. இது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழந்தையின் இரைப்பையோ கிலோவுக்கு 30 மி.லி.தான் கொள்ளும், ஏழு கிலோ குழந்தைக்கு 200 மி.லி.யில் வயிறு நிரம்பிவிடும். வீடுகளில் வழக்கமாகக் காய்ச்சும் கேழ்வரகுக் கஞ்சியில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி மாவு போடுகிறார்கள். தலைதட்டிய ஒரு கரண்டி மாவு சுமார் 8 கிராம். அதில் இருப்பது 26 கலோரி. அப்படி எட்டு டம்ளர் குடித்தால்தான் 200 வரும். குழந்தையால் முடியாது. வயிறு நிரம்பியதால் அழுகை நிற்கும், தூங்கிவிடும், நமக்கும் நிம்மதியாக இருக்கும். எடை மட்டும் ஏறாது.

அதே கஞ்சியைத் தலைதட்டிய மூன்று மேசைக்கரண்டி மாவு, 150 மி.லி. தண்ணீர் என்று காய்ச்சி, இறக்கியதும் ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ கலந்தால் சுமார் 120 கலோரி கிடைக்கும். இரண்டு வேளை ஊட்டினாலே தேவை தீர்ந்துவிடுகிறது. நெய்தான் வேண்டும் என்பதில்லை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவானாலும் ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 45 கலோரி.

கெட்டி சரியா என்று பார்க்க அளவுக்கருவி வேண்டாம். கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீராக வழிந்து ஓடினால் போதாது. கரண்டியில் தங்கி நின்று மெதுவாக விழ வேண்டும். இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அடுப்பில் சரியான பதத்தில் இருந்த கஞ்சி ஆற ஆற இறுகும். வெந்த மாவுச்சத்தின் இயல்பு அது. இறுகியதைப் பார்த்ததும் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கரைக்கிறார்கள். ஊட்டி முடிப்பதற்குள் இன்னொரு முறை ஊற்றுகிறார்கள். காய்ச்சும்போது சரியாக இருந்தது கிண்ணத்தில் பாதிச் சத்தாகிவிடுகிறது. இளக்கத்தான் வேண்டும் என்றால் தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கலக்கலாம், அல்லது இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடலாம்.

முளைகட்டிய மாவும் இதற்கு உதவும். கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, ஒரு இரவு ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி வைத்தால் ஒன்றரை நாளில் முளை வரும். மொறுமொறுப்பாகக் காயவைத்து, முளையைத் தேய்த்து உதிர்த்துவிட்டுத் திரிக்க வேண்டும். தானியம் முளைக்கும்போது அமிலேஸ் என்ற நொதி உருவாகிறது; அது மாவுச்சத்தை உடைத்து இறுகிய கஞ்சியை இளக வைக்கும். கெட்டியாகக் காய்ச்சி இறக்கிய கஞ்சியில், கொதி அடங்கிய பிறகு இந்த மாவில் ஒரு டீஸ்பூன் கலந்து ஐந்து நிமிடம் விட்டால், தண்ணீரே ஊற்றாமல் குழந்தை விழுங்கும் பதத்துக்கு வரும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். முளைகட்டும்போது ஈரத்தில் கிருமி வளர்ந்திருக்கக்கூடும். அதனால் இந்த இரண்டாவது கொதியைத் தவிர்க்கக்கூடாது. வாசனைக்காக மாவைச் சிவக்க வறுத்தாலும், தளதளவென்று கொதிக்கும் கஞ்சியில் போட்டாலும் நொதி அழிந்து, மாவு இளக்காது. கடையில் வாங்கும் முளைகட்டிய மாவு பலவும் வறுத்தவை என்பதால் அவற்றிடம் இதை எதிர்பார்க்க வேண்டாம். மழைக்காலத்தில் காயாமல் பூசண வாடை அடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

பருப்புத் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘பருப்புச் சத்து அதில்தான் இருக்கிறது’ என்று மேலாக நிற்கும் தெளிவை எடுத்துக் குழந்தைக்கு ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய பருப்பைப் பெரியவர்கள் சாப்பிடுகிறார்கள். புரதத்தில் பெரும்பகுதி அந்த அடியில்தான் கிடக்கிறது. அரிசி இரண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு என்று குழைய வேகவைத்து, கையால் மசித்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தால் குழந்தைக்கு அது முழு உணவு. 20 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு, ஒரு டீஸ்பூன் நெய் சேர்ந்தால் 150 கலோரி வரும். கேழ்வரகை அரைத்துத் துணியில் வடித்துப் பால் எடுப்பதிலும் இதே கதைதான். சக்கையோடு சத்தில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது.

கஞ்சியை ஃபீடிங் பாட்டிலில் ஊற்றி, ரப்பரின் ஓட்டையை ஊசியால் பெரிதாக்கிக் கொடுப்பது இரண்டு வகையில் கெடுதல். பாட்டிலில் இறங்க வேண்டும் என்பதற்காகவே கஞ்சி தண்ணீராகிறது. ரப்பர் மடிப்பில் ஒட்டிய கஞ்சி நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் கிருமிக் கூடாகிவிடுகிறது. கிண்ணமும் கரண்டியும் போதும். சமைத்தது வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அதைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

கெட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும், செரிக்காது என்ற பயம் பாட்டிமார்களிடம் அதிகம். முதல் வாரத்தில் குழந்தை நாக்கால் உணவை வெளியே தள்ளும். அது வேண்டாம் என்பதற்கான அடையாளம் இல்லை. பால் குடித்துப் பழகிய நாக்கு. இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, 8 மாதத்துக்குள் 250 மி.லி. கிண்ணத்தில் பாதியளவுக்கு, நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகக் கொண்டுவர வேண்டும். 9 மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. கிண்ணத்தில் முக்கால்வாசிக்கு மெதுவாக ஏற்றலாம். மிக்சியில் கூழாக அடிப்பதை 8 மாதத்தோடு விட்டுவிட்டு, 9 மாதத்துக்குள் சிறு கட்டிகளோடு மசித்த சோறு, கையில் பிடித்துச் சாப்பிடும் இட்லித் துண்டு, வேகவைத்த கேரட் என்று பழக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் இரண்டு வயதிலும் கட்டி தட்டுப்பட்டாலே ஓங்கரிக்கும் குழந்தையாகிவிடும். உண்மையிலேயே மூச்சுக்குழாயில் அடைப்பவை முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழு திராட்சை, முறுக்குத் துண்டு போன்றவை. கடலையைப் பொடித்துக் கொடுங்கள்.

கஞ்சி கெட்டியானதோடு எல்லாம் முடிந்துவிடாது. பிறக்கும்போது சேமித்திருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. முட்டை, மீன், ஈரல், மசித்த கீரை தினமும் ஏதாவது ஒன்று வேண்டும். கீரையோடு நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் இரும்பு நன்றாகச் சேரும். அங்கன்வாடியிலும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கிடைக்கும் இரும்புச்சத்து சிரப்பை 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரண்டு முறை 1 மி.லி. கொடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறார்கள். அது வெளியேறும் இரும்புதான், ஆபத்தில்லை. டீயில் பிஸ்கட் தோய்த்துக் கொடுப்பதை அறவே விடுங்கள்; டீ இரும்பை உடலில் சேரவிடாது. ஒரு வயதுக்கு மேல் பசும்பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சோறு இறங்காது, சோகையும் வரும். ஒரு வயது வரை தேன் நாக்கில்கூடத் தடவக்கூடாது. அங்கன்வாடி சத்துமாவில் ஏற்கெனவே வெல்லம் இருப்பதால் மேலும் சர்க்கரை வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் ‘வயிற்றைக் காயப்போடு’ என்று உணவை நிறுத்துவது எடை இழப்புக்குப் பெரிய காரணம். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி. ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்தது, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதது. கூடவே மருத்துவர் அல்லது செவிலியர் தரும் துத்தநாக மாத்திரை 14 நாள். சாப்பாடும் தாய்ப்பாலும் நடுவில் நிற்கக்கூடாது. குணமான பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இழந்த எடை திரும்பும்.

இவ்வளவையும் செய்ய வேண்டியவர் யார் என்று யோசித்தால், தண்ணீர்க் கஞ்சியின் இன்னொரு காரணம் தெரியும். காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, வேலைக்குக் கிளம்பும் தாய். பகலில் மூட்டுவலியோடு குழந்தையைத் தூக்கும் பாட்டி. பாட்டிலும் செல்போனும் அவர்களுக்குக் கிடைத்த குறுக்குவழி. திரையைப் பார்த்தபடி வாய் திறக்கும் குழந்தைக்குத் தன் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பதுதான் மருத்துவ அறிவுரை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது. ஒரு வேளைக்கு இருபது முப்பது நிமிடம் பொறுமையாக உட்கார்ந்து ஊட்ட, ஊட்டுபவருக்குத் தெம்பு வேண்டும். பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட 500 முதல் 600 கலோரி கூடுதலாகத் தேவை. அந்த நேரத்தில்தான் பத்தியம் என்று முட்டையையும் கீரையையும் நிறுத்துகிறோம். பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை அவருக்கும் உண்டு. குழந்தையின் தடுப்பூசி நாளில் அதையும் கேட்டு வாங்குங்கள். மாலையில் ஒரு வேளை ஊட்டுவதை அப்பா எடுத்துக்கொள்ளலாம். சமைத்ததும் குழந்தைக்கும் தாய்க்கும் முதலில் பரிமாறுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அங்கன்வாடிகளில் எடை பார்க்கும் நாளன்று மாதம் ஒருமுறை, அம்மாவோடு பாட்டியையும் வரவழைத்து, ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, 150 மி.லி. தண்ணீர் வைத்துக் கண்ணெதிரே காய்ச்சிக் காட்ட வேண்டும். கண்காட்சியில் வைக்கும் முப்பது வகைப் பலகாரத்தைவிட இது பயன் தரும். தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இனிக் குழந்தை உணவுக் குறிப்பு வெளியிடும்போது ‘தேவையான அளவு தண்ணீர்’ என்று போடாமல், எந்த வயதுக்கு, ஒரு வேளைக்கு மாவு எத்தனை கரண்டி, தண்ணீர் எத்தனை மி.லி., எண்ணெய் எவ்வளவு என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமுதாய சுகாதாரச் செவிலியர்கள்,
திண்டுக்கல் மாவட்டம்.