தொப்பி தந்த அக்காவுக்கு

போன சனிக்கிழமை பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் பிள்ளையின் கம்பளித் தொப்பியைக் கழற்றித் தந்த அக்காவுக்கு இந்தப் பதிவு. பெயர் கேட்க மறந்துபோனோம்.

நான் ஊடகக் கற்கையில் மூன்றாம் வருடம். ஒலிபரப்புப் பாடத்தில் முதல் வருடத் தங்கச்சிமார் மூன்று பேருக்கு வழிகாட்டும் பொறுப்பும் எனக்குத்தான். வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவ ஐயா ஒருவரிடம் 3 நிமிட நேர்காணல் எடுக்கப் போயிருந்தோம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று விட்டுவைக்கவில்லை. ஹெட்போனை மாட்டியிருந்தவள் முகத்தைச் சுளித்தாள். "அக்கா, குரலே இல்லை. ஒரே டப டப."

மைக்குக்குப் போடும் பஞ்சுறையை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்தது நான். முதல் நாள் அதைப்பற்றி அரைமணி நேரம் பாடம் எடுத்தவளும் நான்தான்! காற்று மைக்கில் அறையும் சத்தம் குரலோடு சேர்ந்து பதிவாகிவிட்டால், பிறகு எடிட்டிங்கில் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

பக்கத்தில் நீங்கள் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தீர்கள் (காற்றும் கச்சான், கையிலும் கச்சான்). எங்கள் திண்டாட்டத்தைப் பார்த்துவிட்டு, "இது சரிவருமோ பாருங்கோ" என்று மடியிலிருந்த பிள்ளையின் தொப்பியை நீட்டினீர்கள். மைக்கில் மாட்டினோம். டப டப முக்கால்வாசி அடங்கிவிட்டது. ஐயாவின் குரல், வலையில் ஈயக்குண்டு உரசும் சத்தம் எல்லாம் தெளிவாக வந்தன. அப்புறம் அலைச் சத்தத்தை மட்டும் தனியாக 30 செக்கன் எடுத்தோம்.

திரும்பிப் பார்த்தால் நீங்கள் இல்லை. நீலத் தொப்பி, காதுப் பக்கம் கொஞ்சம் நூல் பிரிந்திருக்கிறது. துவைத்து வைத்திருக்கிறேன் அக்கா. வருகிற சனி, அதே இடத்தில் நிற்போம்.